கோப்பி என்ற பெயரில் குடித்தவை

மலாக்கா மாநிலத்தின் வடமேற்கில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி, லிங்கி ஆற்றுக்கு அருகில் அமைந்த சிற்றூர் லூபோக் சீனா. மலாய் மொழியில் லூபோக் என்பது ஆற்றின் ஆழமான மடுவைக் குறிக்கும். இவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில் வளர்ந்த என் தலைமுறையினர்க்கு, ‘ஜப்பான்காரன் காலம்’ என்பது வரலாற்றுப் பாடமாக வருமுன்னரே வீட்டுப் பேச்சாக வந்து சேர்ந்தது. என் அப்பாயி ஆண்டுக்கு ஒருநாள் காய்ந்த சோளத்தை ஓட்டில் இட்டுக் கருக வறுத்து, உரலில் இடித்து, கொதிநீரில் கலந்து குடிப்பார். “இதுதான் அன்றைக்கு எங்களுக்குக் கோப்பி” என்பார். சிறுவனாய் இருந்த நான் ஒரு மிடறு குடித்துத் துப்பிவிட்டேன். அவரோ ஒரு சொட்டும் மீதம் வைக்கவில்லை.

அந்தக் கறுத்த நீரின் வரலாற்றைத் தேடினால், நம் மக்கள் இந்நாட்டுக்கு வந்த வரலாறும் உடன் வந்து நிற்கிறது.

ரப்பருக்கு முன்னர் மலாயாவின் தோட்டப் பயிர்களுள் கோப்பி முதன்மையானது. 1869-இல் இலங்கையில் இலைத்துரு எனும் பூசண நோய் கோப்பிச் செடிகளைத் தாக்கிற்று. சில ஆண்டுகளில் அத்தீவின் கோப்பித் தொழில் சரிந்தது. நிலம் இழந்த வெள்ளைத் துரைமார் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். தமிழ்த் தொழிலாளரை வைத்து வேலை வாங்கிய பழக்கத்தையும் உடன்கொண்டு வந்தனர். இங்கே அவர்கள் பெரிதும் நட்டது, தாழ்நில வெப்பத்தைத் தாங்கும் லைபீரியக் கோப்பி. 1890-களின் நடுவிலிருந்து பிரேசில் நாட்டின் பெருவிளைச்சலால் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தது. கோப்பி நின்ற நிலங்களில் ரப்பர் ஏறிற்று. மலாக்காவில் இம்மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் ரப்பர் பயிரிட்டார். அதற்குமுன் அவர் குடும்பத்தார் செய்துவந்தது மரவள்ளிச் சாகுபடி. மலாக்காவின் உள்நிலங்கள் பல பத்தாண்டுகள் சீன முதலாளிமாரின் மரவள்ளிக் காடுகளாகவே கிடந்தன. அந்த மரவள்ளி பின்னர் எவ்வாறு திரும்பி வந்தது என்பதைப் போர் காட்டிற்று.

1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மலாயா உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது, அவ்வரவு குன்றியது. ரப்பர் வாங்குவார் இல்லை. பால்மரங்கள் வெட்டாமல் நிற்க, மரங்களின் இடையேயும் லயங்களின் பின்புறமும் மரவள்ளியும் சோளமும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. பசிக்கு நட்ட பயிரே பானத்துக்கும் ஆயிற்று. சோளத்தை வறுத்தனர், மரவள்ளிக் கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி வெயிலில் உலர்த்திக் கருக்கிப் பொடித்தனர். சீனி கிடைக்காத நாளில் உப்புக் கல்லைக் கடித்துக்கொண்டு குடித்ததாக அப்பாயி சொல்லுவார். கோப்பியின் மணம் இல்லை, எழுச்சி தரும் கஃபீனும் இல்லை; நிறமும் கசப்பும் சூடும் மட்டுமே இருந்தன. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்கும் உடலுக்கு அந்தச் சூடே போதும் போலும்.

இது நம்மவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தென்மாநிலத் துறைமுகங்கள் அடைபட்டபோது, அங்குள்ளோர் ‘ரை’ தானியத்தையும் சர்க்கரைவள்ளியையும் வறுத்துக் குடித்தனர். நம் வீட்டுக் கொல்லையில் முற்றிக் காயும் வெண்டை விதையையும் அவர்கள் விடவில்லை. 1806-இல் நெப்போலியன் ஆங்கிலேய வாணிகத்துக்குத் தடையிட்டபோது பிரான்சில் சிக்கரி வேரூன்றிற்று. சிக்கரி சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. அதன் வேரை உலர்த்தி வறுத்தால் அதிலுள்ள இனுலின் எனும் பொருள் கருகிக் கருமையும் இனிய கசப்பும் தருகிறது. பஞ்சத்துக்கு வந்த அவ்வேர் பஞ்சம் தீர்ந்தபின்னும் போகவில்லை. தமிழ்நாட்டில் அது கலவாத காப்பியைச் சுவையற்றது என்போர் இன்றும் உளர். கலவைத் தூளில் காப்பி நூற்றுக்கு 51 பங்கேனும் இருத்தல் வேண்டும் என்று இந்தியாவில் சட்டமே உண்டு. குஜராத்து உழவர்க்கு அது நல்ல பணப்பயிர்.

நமக்கு இன்னும் அண்மையில் ஒரு செய்தி உண்டு. லூபோக் சீனா அடங்கிய அலோர் காஜா வட்டாரத்தில்தான் பழைய நானிங் சிற்றரசு இருந்தது. 1831–1832-இல் ஆங்கிலேயரோடு போரிட்ட அந்நாட்டு மக்கள் சுமத்ராவின் மினாங்கபாவ் வழியினர். அவர்தம் தாயகமான மேற்குச் சுமத்ராவில் 1847 முதல் டச்சுக்காரர் கோப்பியைக் கட்டாயப் பயிராக்கி, விளைந்த கொட்டையைத் தாம் குறித்த விலைக்கே ஒப்படைக்கச் செய்தனர். மினாங்கபாவ் மக்களோ கோப்பியின் இலையைத் தீயில் வாட்டி, அவித்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் குடித்தனர். ‘காவா டாவுன்’ என்று அதற்குப் பெயர். கொட்டையை விளைவித்தவனுக்கு இலையே எஞ்சிற்று என்று அதற்குக் காரணம் கூறுவர். கோப்பிக்கு மாற்றாகக் கோப்பிச் செடியின் இலையையே குடித்த கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆசிரியர்கட்கு ஒரு செய்தி கூறல் வேண்டும். பாதையோரங்களில் மஞ்சட் பூவுடன் வளரும் பேயாவிரையின் விதையை ஆப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் வறுத்துக் கோப்பியாகக் குடித்தனர். இதனைப் படித்துவிட்டு, பள்ளித் தோட்டத்தில் ‘மூலிகைக் கோப்பி’ என்று நட்டுவைக்க யாரும் முனைய வேண்டா. அதன் பச்சை விதை நஞ்சு. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் சிற்றூர்க் குழந்தைகள் சிலர் மூளையும் ஈரலும் தாக்குண்டு இறந்த மருமத்துக்கு இவ்விதையே காரணம் என்பதை 2000-க்குப் பின்னரே மருத்துவர் கண்டறிந்தனர். பழையது எல்லாம் நல்லது என்னும் எண்ணம் நம்மிடையே சற்று மிகுதி.

போர் முடிந்தது, கோப்பி வந்தது. நம் கடைகளில் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கோப்பி வறுக்கப்படுகிறது; மலேசியாவில் விளையும் கோப்பியிற் பெரும்பங்கு, துரைமார் கொணர்ந்த அந்த லைபீரிய வகையே. மரவள்ளிக் கோப்பியோ எந்தப் பாடநூலிலும் இடம்பெறவில்லை. அதைக் குடித்தவர் பெரும்பாலோர் எழுதத் தெரியாதவர். எழுதத் தெரிந்த நாம் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. அப்பாயி ஏன் குறித்த ஒரு நாளில் மட்டும் சோளத்தை வறுத்தார் என்பதை அவர் மறைந்தபின் தந்தையார் சொல்லித்தான் அறிந்தேன். 1943-இல் அவருடைய தமையனைச் சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துச் சென்றனர். விடியற்காலையில் லயத்து வாசலில் லாரி நின்றபோது, அப்பாயி ஆற்றிக் கொடுத்த சோளக் கோப்பியைப் பாதி குடித்துவிட்டு, மீதியைத் திரும்பி வந்து குடிப்பதாகக் குவளையை அவர் கையிலேயே கொடுத்துப் போனாராம்.