சிலிண்டர் ஏன் வெளியே நிற்கிறது?

அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல். அதற்குப் படிக்க உட்கார்ந்தவன் மூன்று நாளாக அமெரிக்க கேஸ் சிலிண்டரின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் எங்கள் பெரியப்பா மகனால் வந்த வினை.

அண்ணன் டல்லாஸ் பக்கம் இருக்கிறார். சமீபத்தில் ஒரு பழைய கார்கோ டிரெய்லர் வாங்கினார். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போவார்களே, சாமான் ஏற்றும் மூடிய பெட்டி, அதுதான். 6 அடி அகலம், 12 அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து ஊர் சுற்றும் வீடாக, அதாவது கேம்பராக, மாற்றுவது அவர் திட்டம். கம்பெனியில் செய்த கேம்பர் வாங்குகிற காசில் பாதிகூட ஆகாதாம். வீடியோ காலில் சுற்றிக் காட்டினார். அடுப்புக்குக் கீழே அழகாக ஒரு அலமாரி. "இதுக்குள்ளதான்டா சிலிண்டர்" என்றார்.

அவருடைய நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் பதறி, சிலிண்டரை வண்டிக்கு வெளியேதான் மாட்ட வேண்டும் என்றாராம். அண்ணனுக்குக் கடுப்பு. "ஏன்டா, நம்ம வீட்ல அம்மா முப்பது வருஷமா சிலிண்டரை அடுப்புக்குக் கீழதானே வச்சிருக்காங்க? இவனுங்க எதுக்கு இவ்வளவு பயப்படுறானுங்க?"

நியாயமான கேள்விதானே? எனக்கும் பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன். மாட்டிக்கொண்டேன் :-)

முதலில் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1910-ல் அமெரிக்க சுரங்கத் துறை ஆய்வகத்தில் வால்டர் ஸ்நெல்லிங் என்று ஒரு வேதியியலாளர் பிட்ஸ்பர்க்கில் வேலை பார்த்தார். ஃபோர்டு கார் வைத்திருந்த ஒருவர் அவரிடம் ஒரு புகாரோடு வந்தார். வாங்குகிற பெட்ரோலில் பாதி வீடு போய்ச் சேர்வதற்குள் ஆவியாகிவிடுகிறதாம். ஸ்நெல்லிங் அந்தப் பெட்ரோலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வைத்துப் பார்த்தார். மூடியிருந்த தக்கை திரும்பத் திரும்ப எகிறி விழுந்தது. உள்ளே எதுவோ வெளியேறத் துடிக்கிறது என்று புரிந்து, அதைப் பிரித்து எடுத்தார். அதில் முக்கியமானது புரொப்பேன். 1913-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதை அவர் பிலிப்ஸ் பெட்ரோலியத்தின் ஃபிராங்க் பிலிப்ஸுக்கு 50,000 டாலருக்கு விற்றுவிட்டார். அன்றைக்கு அது பெரிய பணம்தான். ஆனாலும் இன்டாஞ்சிபிள் அசெட் மதிப்பீடு பற்றி எங்கள் பாடத்தில் ஒரு கணக்கு வைக்கலாம்.

புரொப்பேனின் சௌகரியம் என்னவென்றால், அழுத்தினால் திரவமாகிவிடும். ஒரு லிட்டர் திரவத்தைத் திறந்துவிட்டால் ஏறக்குறைய 270 லிட்டர் வாயு. சின்ன சிலிண்டரில் பல நாள் சமையல். மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதால் பனிக்காலத்திலும் அடுப்பு எரியும். நம் ஊர் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் வந்தாலே மந்தமாகிவிடும். திருநெல்வேலியில் கவலையில்லை. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் ஜனவரி மாதம் டீ கிடைக்காது.

அது சரி, வண்டியில் சிலிண்டர் ஏறியது எப்போது? இங்கே ஒரு ஆச்சரியம். வண்டியில் முதலில் ஏறியது சமையல் கேஸ் இல்லை, விளக்கு கேஸ். அந்தக் கால கார்களில் மின்சார விளக்கு கிடையாது. அசிட்டிலீன் வாயுவைக் கொளுத்தித்தான் ஹெட்லைட். இந்த வாயுவை சிலிண்டரில் அடைத்து விற்க 1904-ல் இண்டியானாபொலிஸில் தொடங்கிய கம்பெனிக்குப் பிறகு வந்த பெயர் பிரெஸ்ட்-ஓ-லைட். அதை நடத்திய கார்ல் ஃபிஷரும் ஜேம்ஸ் அலிசனும் பின்னாளில் புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் கார் பந்தய மைதானத்தைக் கட்டியவர்களில் இருவர். பணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? ஆனால் அசிட்டிலீன் பொல்லாதது. 1907, 1908-ல் ஊருக்குள்ளேயே இருந்த அவர்களுடைய கேஸ் நிரப்பும் இடங்கள் வெடித்தன. கடைசியில் ஆலை ஊருக்கு வெளியே போக வேண்டியதாயிற்று.

அந்தக் கம்பெனியின் பெயர் இன்னும் அமெரிக்க சிலிண்டர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே சிலிண்டர் வாயில் இருக்கும் பழைய வகை இணைப்புக்கு பி.ஓ.எல். என்று பெயர். பிரெஸ்ட்-ஓ-லைட் என்பதன் சுருக்கம்தான். அதில் மரை தலைகீழாக இருக்கும். நாம் வழக்கமாகக் கழற்றும் பக்கம் திருகினால் இறுகும். எரியும் வாயுவின் குழாயை யாரும் தெரியாமல் காற்றுக் குழாயில் மாட்டிவிடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அண்ணன் முதல் நாள் ஸ்பேனரை வைத்து அரை மணி நேரம் தப்பான பக்கம் மல்லுக்கட்டியது தனிக்கதை. அதை எழுதினால் பெரியம்மாவிடம் போட்டுக்கொடுப்பார்.

1930-களில் டிரெய்லர் மோகம் அமெரிக்காவைப் பிடித்தது. டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர் குடும்பத்தோடு வெளியூர் போக ஒரு பெட்டி வண்டி செய்யப்போய், அதுவே கவர்டு வேகன் என்ற பெரிய கம்பெனியானது. அப்புறம் தீயால் குளிரூட்டும் ஃபிரிட்ஜ். ஆமாம், தீயால்தான். கீழே சின்னச் சுடர் எரியும், மேலே ஐஸ் உறையும். 1922-ல் ஸ்டாக்ஹோமில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு பேர் மாணவர்களாக இருக்கும்போதே கண்டுபிடித்தது. (நாம் மாணவர்களாக இருக்கும்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று யாரும் கேட்க வேண்டாம்.) அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் ஒரே கேஸ் போதும் என்றானதும் சிலிண்டர் இல்லாத டிரெய்லர் அரிதாகிவிட்டது.

இனி சொல்லப்போவது புரொப்பேன் இல்லை, இயற்கை எரிவாயு. ஆனால் இதைச் சொல்லாமல் சிலிண்டர் வரலாறு இல்லை.

கிழக்கு டெக்சாஸில் நியூ லண்டன் என்று ஒரு சின்ன ஊர். எண்ணெய் கிணறுகளால் கொழித்த ஊர். அங்கே பத்து லட்சம் டாலர் செலவில் கட்டிய பள்ளிக்கூடம். இவ்வளவு வசதி இருந்தும், மாதா மாதம் வந்த கேஸ் பில்லை மிச்சம் பிடிக்க, காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த கேஸை நிறுத்திவிட்டு, எண்ணெய் நிறுவனத்தின் கழிவு வாயுக் குழாயிலிருந்து இணைப்பு எடுத்துக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். மிச்சமான தொகை மாதம் சுமார் 300 டாலர் என்று சொல்கிறார்கள். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. எங்கோ ஒழுகி, கட்டடத்தின் தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் சேர்ந்திருக்கிறது. ஒருவருக்கும் தெரியவில்லை.

1937 மார்ச் 18, மாலை மூன்று மணிக்கு மேல். பள்ளி முடிய இன்னும் கொஞ்ச நேரம். பட்டறை வகுப்பில் மரம் இழைக்கும் மின்சார இயந்திரத்தை ஆசிரியர் ஓடவிட்டார். ஒரு பொறி. கட்டடம் அப்படியே மேலே எழும்பி இடிந்து விழுந்தது. ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். எண்ணெய் வயலில் வேலை பார்த்த அப்பாக்களே ஓடிவந்து கையால் செங்கலைப் பொறுக்கித் தேடினார்கள்.

மாதம் 300 டாலர். செலவுக் குறைப்பு என்ற தலைப்பில் எங்களுக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. இதை அந்தப் பக்கத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்களுக்குள் டெக்சாஸ் சட்டமன்றம் கேஸில் நாற்றம் கலந்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இன்று புரொப்பேனில் சேர்ப்பது எத்தில் மெர்காப்டன். 10,000 கேலன் திரவத்துக்கு ஒரு பவுண்டு போதும், மூக்கைத் துளைக்கும். "கேஸ் நாத்தம்" என்று நாம் சொல்வது கேஸின் நாற்றமே இல்லை. கலந்துவிட்ட நாற்றம். நம் ஊர் சிலிண்டரிலும் மெர்காப்டன்தான்.

இப்போது அண்ணன் கேள்விக்கு வருகிறேன். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, மேலே போய்விடும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தரையில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். நம் வீட்டுச் சமையலறையில் ஜன்னல் இருக்கிறது, கதவு இருக்கிறது, முக்கியமாக வீடு குலுங்குவதில்லை. 6-க்கு 12 தகரப் பெட்டி நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் குலுங்கிக்கொண்டே போகும். இணைப்பு தளரும். ராத்திரி அதற்குள்ளேயே, தரைக்கு ஒன்றரை அடி உயரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப்போவது நாம்தான். தூங்குகிறவன் மூக்கை நம்ப முடியாது.

ஓடுகிற பெட்டிக்குள் சிலிண்டர் என்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா என்ன? 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை, மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள் விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். டீ போடப்போய். இதை அண்ணனுக்குச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

கம்பெனியில் செய்யும் கேம்பர்களுக்கு அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதிகள் உண்டு. சாமான் ஏற்றும் பெட்டியாக விற்கப்பட்ட வண்டியை நாமே வீடாக்கினால் அந்தப் பரிசோதனை எதுவும் நடந்திருக்காது. கேட்க ஆளில்லை என்பதுதான் அதில் ஆபத்து. அந்த விதிகளின்படி சிலிண்டர் வெளியே நிற்க வேண்டும். உள்ளே ஓர் அறையில் வைத்தே ஆகவேண்டுமென்றால், அந்த அறை குடியிருக்கும் பகுதியிலிருந்து காற்றுப் புகாமல் அடைபட்டு, வெளிப்பக்கம் மட்டும் திறந்து, கீழே துளையோடு இருக்க வேண்டும். பின் பம்பரில் மாட்டக்கூடாது, பின்னால் வருகிறவன் இடித்தால் கதை முடிந்தது. மிச்சம் இருப்பது முன்பக்கம், காரின் கொக்கிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் முக்கோணச் சட்டம். அங்கே இரும்புத் தட்டு போட்டு, நடுவில் மரைக்கம்பி நிறுத்தி, மேலே பட்டை போட்டு இறுக்குவார்கள்.

சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் இறங்கிவிடும். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பாதுகாப்பு வால்வும் திரவத்துக்குள் முங்கிவிடும். அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் 20 பவுண்டு சிலிண்டர் கேஸோடு சேர்த்து ஏறக்குறைய 17 கிலோ. இரண்டு மாட்டினால் 34 கிலோ கொக்கியின் மேல் ஏறும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்தச் சிலிண்டரின் தலையில் முக்கோண வடிவக் கைப்பிடி இருந்தால் அது புது வால்வு. கேஸ் 80 சதவீதம் நிரம்பியதும் உள்ளே ஒரு மிதவை எழும்பி அடைத்துக்கொள்ளும். திரவ புரொப்பேன் வெயிலில் நன்றாக விரியும், அதற்கு இடம் விட வேண்டும். முன்பெல்லாம் நிரப்புகிற ஆளின் கவனத்தை நம்பித்தான் இருந்தார்கள். கொஞ்சம் அதிகமாக நிரப்பி கார் டிக்கியில் வைத்து வெயிலில் நிறுத்தினால், பாதுகாப்பு வால்வு திறந்து கேஸ் காருக்குள்ளேயே கொட்டும். 1998-ல் விதி வந்தது. 2002 ஏப்ரல் 1-க்குப் பிறகு இந்த வால்வு இல்லாத சிறிய சிலிண்டர்களை நிரப்பவே கூடாது என்றார்கள். பழையதை வைத்திருந்தவர்கள் கைக்காசு போட்டு மாற்றினார்கள்.

வியாபாரம் படிக்கிறவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலி சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்கும் கடைகளில் 2008-ல் இரண்டு பெரிய கம்பெனிகள் 17 பவுண்டு போட்ட இடத்தில் 15 போட ஆரம்பித்தன. விலை அதேதான். அளவு குறைப்பை ஏற்கும்படி வால்மார்ட்டை இரண்டும் பேசிவைத்து நெருக்கின என்று 2014-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதனால் அண்ணனிடம் எடைபோட்டு நிரப்பும் இடத்துக்கே போகச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சிலிண்டரை முன்சட்டத்தில் ஏற்றிவிட்டார். குழாயைத் தரைக்கு அடியில் கொண்டுபோய், தகரத்தில் உரசாமல் இருக்கத் துளையில் ரப்பர் வளையம் போட்டு, உள்ளே தரையோரமாக கேஸ் கண்டுபிடிக்கும் அலாரமும் வைத்தாயிற்று. எனக்கு வீடியோ கால் போட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டினார். மூன்று இணைப்பு சுத்தம். நான்காவதில், அடுப்புக்குக் கீழே அந்த அலமாரிக்குள் வரும் இணைப்பில், கடுகளவு ஒரு குமிழி மெதுவாகப் பெருத்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் வால்வை மூடினார். கழற்றித் துடைத்து மறுபடி இறுக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு பேரும் பத்து நிமிஷம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி வரவில்லை.

அலமாரியில் இப்போது அரிசி டப்பா இருக்கிறது. இன்டர்னலுக்கு இன்னும் நாலு நாள்.