டொக்.. டொக்.. டொக்..

போன மாசம் ஏற்காடு மலைப்பாதையில நம்ம கார் மூச்சு வாங்கிட்டு ஏறும்போது இன்ஜின்ல டொக் டொக்னு ஒரு சத்தம். "இன்ஜின் தட்டுதுடா, கியரைக் குறை"ன்னான் கூட வந்த நண்பன். குறைச்சேன், நின்னுடுச்சு. வீட்டுக்கு வந்து இந்தத் தட்டலோட சரித்திரத்தைத் தோண்டினா, அது ஒரு பக் ஃபிக்ஸ் கதை மக்களே!

அமெரிக்காவுல டேட்டன் நகரத்துல சார்லஸ் கெட்டரிங்னு ஒரு இன்ஜினியர். 1912 காடிலாக்குக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கொடுத்த புண்ணியவான். ஹேண்டில் சுத்தி, அது திருப்பி அடிச்சு, கையை உடைச்சுக்கிட்ட காலம் அவராலதான் முடிய ஆரம்பிச்சுது. கூடவே பேட்டரி இக்னிஷனும் கொடுத்தாரா, அப்புறம் எந்த இன்ஜின் தட்டினாலும் பழி அதுமேலதான். (நம்ம ஆபீஸ்ல கடைசியா கோட் மாத்தினவன் தலையில விழற மாதிரி.)

1916-ல தன்கிட்ட சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லிகிட்ட இந்தப் பிரச்சினையைக் கொடுத்தார். மிட்ஜ்லிக்கு அப்ப கிட்டத்தட்ட என் வயசுதான். சிலிண்டருக்குள்ள அழுத்தத்தை அளந்து பார்த்து, ஸ்பார்க் அடிச்சதுக்கு அப்புறம்தான் அது திடீர்னு எகிறுதுன்னு கண்டுபிடிச்சார். அதாவது இக்னிஷன் நிரபராதி, குற்றவாளி எரிபொருள். சிவப்புச் சாயம் கலந்தா சரியாகும்னு ஒரு விபரீத யோசனை. சாயம் கைவசம் இல்லாததால அயோடினை ஊத்தினார். தட்டல் குறைஞ்சுது! பிறகு நிஜச் சாயத்தை ஊத்தினா ஒண்ணும் நடக்கலை. தப்பான தியரி, சரியான ரிசல்ட்.

1921 டிசம்பர் 9 அன்னிக்கு டெட்ராஎத்தில் லெட், அதாவது ஈயம். துளியூண்டு போதும், தட்டல் க்ளோஸ். சாராயம் கலந்தாலும் தட்டல் குறையும்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா அதை நிறைய கலக்கணும், காசும் பார்க்க முடியாது. 1923-ல ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்துடுச்சு.

ஈயம் விஷம்ங்கறது அப்பவே தெரிஞ்ச விஷயம். 1924 அக்டோபர்ல நியூ ஜெர்சி ஆலையில இதைத் தயாரிச்ச தொழிலாளிகள் அஞ்சு பேர் பித்துப் பிடிச்சு செத்துப் போனாங்க. அதே மாசம் மிட்ஜ்லி பத்திரிகைக்காரங்க முன்னாடி அந்தத் திரவத்துல கை கழுவிக் காட்டினார். முந்தின வருஷம்தான் ஈய விஷத்துக்காக ஓய்வுக்குப் போயிட்டு வந்த மனுஷன்! இந்த இடத்துலதான் எனக்கு அவர் மேல இருந்த மரியாதை போச்சு.

குழந்தைங்க மூளையைப் பாதிக்கிற அந்தப் புகை இந்தியாவுல 2000-ல நின்னுது. கடைசியா விட்ட நாடு அல்ஜீரியா, 2021-ல.

இப்ப நம்ம ஊர் பங்க்ல பெட்ரோலோட கலந்து ஊத்தற எத்தனால்? அதே சாராயம்தான்.

டிஸ்கி: ஏற்காட்டுல தப்பு பெட்ரோல் மேல இல்லை. ஏத்தத்துல நாலாவது கியர்ல போன என் மேலதான்.