மைசூர் நகரத் தூய்மை: பூர்ணையா கால்வாய் முதல் நகர் மேம்பாட்டு வாரியம் வரை

முன்னுரை

2015, 2016 ஆம் ஆண்டுகளில் நடுவணரசு நடத்திய தூய்மை மதிப்பீடுகளில் மைசூர் இந்திய நகரங்களுள் முதலிடம் பெற்றது. மன்னராட்சிக் கால நகரமைப்பே இதற்கு அடித்தளம் என்பர். அந்நகரமைப்பு எச்சூழலில் உருவாயிற்று, யாருடைய உழைப்பில் நிலைபெற்றது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பூர்ணையா கால்வாய்

1799 முதல் 1811 வரை திவானாக இருந்த பூர்ணையா, காவிரி நீரை மைசூருக்குக் கொணரும் நோக்கில் கால்வாய் ஒன்றை வெட்டுவித்தார். காவிரி வந்து சேரவில்லை. நகரின் கழிவுநீரே அதில் ஓடலாயிற்று. குடிநீருக்கென அகழ்ந்த வாய்க்கால் நோய்க்கு வாயிலாயிற்று. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலத்தில் (1883–1901), 1886இல் நகரினுள் அமைந்த அதன் பகுதி தூர்க்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்ததே சயாஜிராவ் சாலை.

கொள்ளைநோயும் வாரியமும்

1896இல் பம்பாயில் வெளிப்பட்ட பிளேக் நோய் 1898இல் மைசூர் அரசின் எல்லைக்குள் பரவியது. எலித் தெள்ளுப்பூச்சியால் இந்நோய் பரவுகிறது என்பதை 1898இல் பால் லூயி சிமோன் எடுத்துரைத்தார். எனினும் அறிவுலகம் அதனை உடனே ஏற்கவில்லை. வெளிச்சமற்ற வீடுகளும் குறுகிய சந்துகளுமே நோயின் இருப்பிடங்களாகக் கருதப்பட்டன. எனவே தெருக்களை அகலப்படுத்துதலும் புதிய குடியிருப்புகளை அமைத்தலும் மருத்துவமாகவே கொள்ளப்பட்டன. பம்பாயில் 1898இல் நகர் மேம்பாட்டு அமைப்பு தோன்றியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சிப் பொறுப்பேற்ற மறு ஆண்டில், 1903இல், மைசூர் நகர் மேம்பாட்டு வாரியம் நிறுவப்பெற்றது.

நலவாழ்வை நோக்கிய இம்முயற்சிகள் சமூக வேற்றுமையைக் களையவில்லை. அதே காலத்தில் பெங்களூரில் அமைக்கப்பட்ட பசவனகுடியில் மனைகள் சாதி அடிப்படையில் பிரித்தளிக்கப்பட்டமை இதற்குச் சான்றாகும். காற்றும் ஒளியும் பொதுவெனக் கொண்ட திட்டம், அண்டை வீட்டைப் பொதுவெனக் கொள்ளவில்லை.

தூய்மையைச் சுமந்தோர்

தெருக்கள் அகன்ற பின்னரும் உலர் கழிப்பிடங்களின் கழிவை ஒடுக்கப்பட்ட சாதியினரே சுமந்தனர். மனிதக் கழிவைத் தலையில் சுமக்கும் வழக்கத்திற்கு 1970களில்தான் அமைச்சர் பசவலிங்கப்பாவின் முயற்சியால் கர்நாடகத்தில் தடை வந்தது. இதற்கான நடுவணரசுச் சட்டங்கள் 1993, 2013 ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்டன. நீர்நிலைகளின் நிலையும் இத்தகையதே. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864இல் அமைத்த குக்கரஹள்ளி ஏரியிலும், நகரம் விரிந்தபின் கழிவுநீர் கலந்தது. கால்வாயின் கதை ஏரியில் தொடர்ந்தது எனலாம்.

முடிவுரை

மைசூரின் நகர வரலாற்றில் கழிவு பலமுறை கண்ணுக்கு மறைக்கப்பட்டது; கால்வாயிலிருந்து ஏரிக்கும், தெருவிலிருந்து மனிதர் தலைக்கும் இடம் மாற்றப்பட்டது. இடம் மாற்றுதல் வேறு, நீக்குதல் வேறு. நகரத் தூய்மையின் வரலாறு மன்னர், திவான், வாரியம் ஆகியோரின் வரலாறாக மட்டும் எழுதப்படுமாயின் இவ்வேறுபாடு புலப்படாது. துப்புரவுப் பணியாளரையும் நீர்நிலைகளையும் உள்ளடக்கி எழுதும்போதே அவ்வரலாறு முழுமையுறும்.