ஒரு வளைகோடு வளர்ந்த கதை

1759இல் பிரான்சில் கேனோ த மோம்பெய்யார் என்பவருக்கு மகன் பிறந்தான். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையனின் உயரத்தை அளந்து குறித்துவைத்தார் அப்பா. அவனுக்குப் பதினெட்டு வயதாகும்வரை விடவில்லை. இயற்கையியல் அறிஞரான நண்பர் புஃபோன் அந்த எண்களைத் தம் நூலில் அச்சிட்டார். 1927இல் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ரிச்சர்ட் ஸ்கேமன் அவற்றைச் சென்டிமீட்டருக்கு மாற்றி, கோடாக வரைந்தார். முதலில் விறுவிறுவென ஏறி, பிறகு நிதானித்து, பதின்வயதில் மறுபடி துள்ளியது அந்தக் கோடு. ஆனால் அது வசதியாக வளர்ந்த ஒரே ஒரு பையனின் கோடு. பசியில் வளரும் பிள்ளையின் கோடு அதில் தெரியாது.

அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் 1930களில் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் மறந்த பிள்ளைகள் உடம்பு வீங்கிச் செத்தார்கள். அது ஊட்டச்சத்துக் குறை என்று எழுதினார். மேலதிகாரியோடு மனத்தாங்கல், 1936இல் மலாயாவுக்கு மாற்றினார்கள். அங்கே வேறொரு எதிரி காத்திருந்தது: இனிப்பு டின் பால். தாதிபோல் உடுத்திய பெண்களை அனுப்பி, தாய்ப்பாலைவிட அதுவே உசத்தி என்று கம்பெனிகள் விற்றன. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்க மேடையில், ‘பாலும் கொலையும்’ என்றே தலைப்பு வைத்துப் பேசினார் சிசிலி. எவ்வளவு துணிச்சல்! அடுத்து ஜப்பானியர் வந்தார்கள், சிசிலிக்குச் சாங்கி சிறை. அங்கே பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, 20ம் பிழைத்தன என்று பின்னாளில் சொன்னார். போருக்குப் பின் மலாயாவின் தாய் சேய் நலப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்குப் போனார். ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. பிள்ளை நன்றாக நலிந்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

1950களின் பிற்பாதியில் நைஜீரியாவின் இமேசி கிராமத்தில் டாக்டர் டேவிட் மோர்லி அதற்கு வழி கண்டார். ஓர் அட்டை, அதில் மேலும் கீழுமாக இரண்டு வளைகோடுகள், மாதாமாதம் எடைக்கு ஒரு புள்ளி. எண்ணைவிடப் புள்ளிகள் போகும் திசைதான் முக்கியம். கோடு படுத்துவிட்டால், பிள்ளை மெலிவதற்கு முன்பே ஆபத்து தெரிந்துவிடும். அட்டையைத் தாயிடமே கொடுத்தார். தொலைத்துவிடுவார்கள் என்றார்கள் பலர். தாய்மார்களோ பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். இனி எல்லாம் சரி என்றிருந்தபோது, கோடே தப்பாகிப்போனது.

1978இல் உலகச் சுகாதார நிறுவனம் எல்லா நாட்டுக்குமாக எடுத்துக்கொண்ட அமெரிக்க அளவுகோலில், கைக்குழந்தைகளின் பகுதி ஒஹாயோ மாநிலத்தின் ஒரு வட்டாரத்தில் 1929 முதல் 1975 வரை எடுத்த அளவுகள். பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த வெள்ளைக்காரக் குழந்தைகள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் சில மாதங்களுக்குப் பின் சற்று மெதுவாகத்தான் எடை போடும். அது இயல்பு. அந்த அளவுகோலோ அதைக் குறை என்று காட்டியது. பால் போதவில்லை என்று நினைத்துப் புட்டியைக் கையில் எடுக்க அதுவே காரணமானது. சிசிலி எதிர்த்த பொருள், நலம் காக்க வந்த காகிதத்தின் வழியாகவே திரும்பி வந்துகொண்டிருந்தது.

இதைத் திருத்த, 1997இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவெடுப்பு புதிதாகத் தொடங்கியது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகள். தாய்ப்பால், சுத்தம், புகைபிடிக்காத அம்மா என்று நிபந்தனைகள் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவுக்கு டில்லி. எந்த நாட்டுக் குழந்தை உயரம் என்று பார்த்தால், ஐந்து வயதுவரை எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள்! ‘நம்ம பிள்ளைங்க குள்ளந்தான்’ என்ற பழைய சமாதானம் அங்கே உடைந்தது. 2006 ஏப்ரலில் புதிய கோடுகள் வெளியாயின.

இன்று மலேசியாவின் கிள்ளான் அரசுக் கிளினிக்கில் மிஸ்ஸி புள்ளி வைக்கும் குழந்தைச் சுகாதாரப் புத்தகத்தில் வளைந்து போகும் கோடுகளுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். இரண்டு வயதுவரை பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்தி நீட்டி அளக்கிறார். இரண்டு வயதுக்குமேல் நிற்கவைத்து. படுத்த அளவு சுமார் 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். அதனால்தான் உயரக் கோடு அந்த வயதில் லேசாக ஒடிகிறது.

2018இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாழும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இதேபோல் அளந்தது. நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 பேர் எடை குறைந்தவர்கள். கன்னம் உப்பிய குழந்தையும் குள்ளமாக இருக்கலாம். பார்த்தால் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.