நிலுவை

இரவு வேலையின் இடைவேளையில், என்னோடு அதே இயந்திரத்தில் நிற்கும் தம்பி ஒருவர் ஒரு கடிதத்தை நீட்டினார். "சேர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ." வரித் திணைக்களத்தின் கடிதம். கணவனும் மனைவியும் வேலை செய்கிறார்கள், வரிவகுப்பு மூன்றும் ஐந்துமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆண்டு முடிவில் மிச்சக் கணக்கு வந்துவிட்டது. முதற் கடிதத்தை அவர் உடைக்கவேயில்லை. தவணை கடந்த ஒவ்வொரு மாதத்துக்கும் நூற்றுக்கு ஒன்று வீதம் தாமதக் கட்டணமும் ஏறியிருந்தது. "கட்டாட்டி என்ன செய்வாங்கள் சேர், வீட்டுக்கு வருவாங்களோ?"

தவணைமுறையில் கட்ட எழுதிக் கேட்கலாம் என்றேன். சம்பளத்தில் கைவைத்தாலும், சீவியத்துக்கென்று சட்டம் ஒதுக்கிய தொகையை அவர்கள் தொட முடியாது என்றும் சொன்னேன். ஊரில் வரலாறு படிப்பித்தவனுக்கு டோர்ட்மண்டில் மிஞ்சியிருக்கும் விரிவுரை இதுதான். ஆனால் "வீட்டுக்கு வருவாங்களோ" என்ற கேள்வி வேலை முடியும்வரை என்னை விடவில்லை. வலப்பனையில் அவர்கள் வந்தார்கள்.

இலங்கையின் வரி வரலாறு என்றதும் நாம் 1848 ஐத்தான் பேசுவோம். கோப்பி விலை வீழ்ந்தது. தோட்டத்துரைமாரின் ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, தேசாதிபதி ரொறிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டார். ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும். மாத்தளையில் கலகம் எழுந்தது; ஓகஸ்ட் 8 அன்று புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். வெடிச் சத்தம் கேட்டதால் அது பாடப்புத்தகத்தில் இடம் பிடித்தது. நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில் 1880களில் நடந்ததற்குச் சத்தம் இல்லை.

நெல்லின் மீதான தானிய வரி பழையது. பல இடங்களில் விளைச்சலில் பத்திலொன்று. பிரித்தானிய அரசு அதைக் குத்தகைக்கு விட்டிருந்தது. குத்தகைக்காரன் களத்துக்கு வந்து நிற்பான், அவன் அளக்கும்வரை சூட்டு நெல்லைத் தொட முடியாது. அவனுடைய அட்டகாசம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆயினும் அந்த முறையில் ஒன்று இருந்தது: விளையாத ஆண்டில் பங்கும் குறைந்தது. வானம் பொய்த்தால் அரசுக்கும் கொஞ்சம் வலித்தது.

1878 இன் தானிய வரிக் கட்டளைச் சட்டம் குத்தகைக்காரனை அகற்றிவிட்டு, வயலை மதிப்பிட்டு, வரியைப் பணமாகக் கட்டும்படி நிர்ணயித்தது. இதை எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். குடியானவனைக் குத்தகைக்காரனிடமிருந்து மீட்கிறோம் என்றே நம்பினார்கள். என் பார்வையில், நிலுவை அதன் முழு வடிவில் பிறந்தது இங்கேதான். பங்கு கொடுப்பவனுக்குப் பற்றாக்குறை வரலாம். பணம் கட்ட வேண்டியவனுக்கோ அது கடனாகிறது. கடனுக்கு ஏலம் உண்டு.

மலைநாட்டுக் கிராமத்தவனிடம் பணம் எங்கிருந்தது? வீட்டுக் கோடியில் நின்ற கோப்பிச் செடிகளில். 1869 இல் முதலில் காணப்பட்ட இலைநோய் 1880களில் துரைமாரின் தோட்டங்களை மட்டுமல்ல, இந்தச் செடிகளையும் தின்று முடித்தது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். கிராமத்தவனுக்கு வரிச் சீட்டு மட்டும் மாறாமல் வந்தது. கட்டாதவர்களின் வயல்கள் ஏலத்துக்கு வந்தன, அற்ப விலைக்குப் போயின. தென்னைக்கும் கோப்பிக்கும் தேயிலைக்கும் இப்படியொரு நிலவரி இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். வரி நெற்காரனுக்குத்தான்.

இதை வெளியே கொண்டுவந்தவர் ஒரு கலகக்காரர் அல்லர், நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபர் ல மெசூரியர். (சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் வேறு காரணத்தால் தெரியும்: 1895 இல் பிரிவி கவுன்சில் தீர்த்த அவருடைய விவாகரத்து வழக்கு.) வயலிழந்தவர்களில் பலர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள் என்று அவர் எழுதினார். கொழும்பு அதை எளிதில் ஏற்கவில்லை. ஜோர்ஜ் வோல் என்ற வணிகர் வரிக்கு எதிராக எழுதினார். லண்டனின் கொப்டன் கழகம் அதைக் கையிலெடுத்தது. 1892 இல், ஹவ்லொக் தேசாதிபதியாக இருந்தபோது, தானிய வரி ஒழிந்தது.

இன்று எங்கள் தம்பியின் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் விடும் இதே ஜேர்மனி, 1898 இல் தனது கிழக்காபிரிக்கக் குடியேற்றத்தில் குடிசை வரி போட்டது. நாட்டுப்புறக் குடிசைக்கு 3 ரூபாய். ஆம், அங்கும் நாணயம் ரூபாய்தான். பணமில்லாதவன் உடலால் கட்டினான். 1905 இல் வெடித்த மஜி மஜி எழுச்சியின் காரணங்களில் இந்த வரியும் கட்டாயப் பருத்தி வேலையும் உண்டு. கடனாளிக்கு விட்டுவைக்க வேண்டிய எல்லை எது என்பது, அவன் யாருடைய குடிமகன் என்பதைப் பொறுத்தே இருந்தது. வரி என்றதும் எங்களில் பலருக்கு அரசுகள் மட்டும் நினைவுக்கு வருவதில்லை என்பதையும் அறிவேன். அந்தக் கணக்கை நாம் இன்னும் எழுதவில்லை; எழுதுபவர்களுக்கு இந்தப் பக்கங்கள் திறந்திருக்கும் என்று நம்புகிறேன்.

1892 ஐக் குடியானவர்களின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். பாதி உண்மை. தானிய வரி போயிற்று, இறக்குமதி அரிசியின் தீர்வை போகவில்லை. இறக்குமதி அரிசியைத் தின்றவர்களில் பெரும்பகுதி யார்? வலப்பனைக்கு மேலே தேயிலைச் சரிவுகளில் லயங்களில் கிடந்த எங்கள் மலையகத்தவர். அவர்கள் பெயரில் எந்த நிலுவையும் பதியப்படவில்லை, ஏலம் போட அவர்களிடம் வயலும் இல்லை. அவர்களின் வரி சோற்றோடு சேர்ந்தே வயிற்றுக்குள் போனது. ல மெசூரியர் போன்றவர் எவரும் அதை எண்ணியதாக நான் வாசித்ததில்லை.

மறுநாள் இடைவேளையில் தம்பியும் நானும் தவணைக் கடிதத்தை எழுதினோம். அவர் கையெழுத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "சேர், முதல் வந்த கடிதமும் வீட்டிலை கிடக்கு. அதை இனி உடைக்கலாம்தானே?"