வாயு டர்பைன் எரியறைச் சோதனை

வாயு டர்பைனின் எரியறையை அல்லது ஒற்றைப் பர்னரைத் தனியே பிரித்து, ஆய்வகத்தில் எரியவிட்டு, சுடரின் நிலைப்பு, அழுத்த அதிர்வு, வெளிவரும் மாசு ஆகியவற்றை அளப்பது எரியறைச் சோதனை எனப்படும். புதிய பர்னரை வடிவமைக்கவும் ஓடும் இயந்திரத்தில் தோன்றிய கோளாற்றின் காரணத்தைத் தேடவும் இது உதவுகிறது.

சுடரின் வெப்பநிலை ஏறத்தாழ 1800 கெல்வினைக் கடந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் மிக வேகமாகப் பெருகும். இதைத் தவிர்க்க, எரிபொருளை மிகுதியான காற்றோடு முன்பே கலந்து எரிக்கும் பர்னர்கள் 1990களில் மின்நிலையங்களில் பரவின. மாசு குறைந்தது, ஆனால் சுடரின் நிலைப்பும் குறைந்தது. கலவை சற்று மெலிந்தாலே சுடர் அணையும். கலவை பாயும் வேகத்தைச் சுடரின் வேகம் விஞ்சினால், தீ பின்னோக்கி ஏறிப் பர்னரையே உருக்கும். இவற்றைவிடத் தொல்லை தருவது அதிர்வு.

சூடேறிய கம்பிவலையைத் தாங்கிய செங்குத்துக் குழாய் தானே ஒலிப்பதை 1859இல் நெதர்லாந்தின் ரைக்கே காட்டினார். அழுத்தம் உயரும் தருணத்தில் வெப்பமும் கூடினால் அதிர்வு வளரும் என்று 1878இல் ராலே பிரபு விளக்கினார். எரியறையில் நடப்பதும் அதுவே. இந்த அதிர்வு பர்னரின் பாகங்களையும் உள்தகட்டையும் விரிசல் விடச் செய்யும்.

இதை அளப்பதற்கு அழுத்தமும் வெப்பமும் ஒரே நேரத்தில் தெரிந்தாக வேண்டும். சூடான சுவரில் அழுத்த உணரி தாங்காது. எனவே மெல்லிய குழாய் வழியே அலையை வெளியே கொண்டுவந்து அளப்பார்கள். அலை எதிரொலித்துத் திரும்பாதிருக்க அக்குழாயை மேலும் நீளமாகச் சுருட்டி விடுவார்கள். வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தை அறிய, ஹைட்ராக்சில் மூலக்கூறு 308 நானோமீட்டர் அருகே உமிழும் புற ஊதா ஒளியைக் குவார்ட்சுச் சாளரம் வழியாகப் பார்ப்பது வழக்கம்.

சென்னை ஐஐடியில் சுஜித் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முக்கியமானது. பேரதிர்வு திடீரென வருவதில்லை, அதற்கு முன் இரைச்சலின் நடுவே விட்டுவிட்டு அதிர்வுகள் தலைகாட்டும் என்று அது காட்டியது. முன்னெச்சரிக்கைக் கருவிகளுக்கு இது வழி திறந்தது.

ஓடும் இயந்திரத்தில் பர்னரின் எரிபொருள் முனை அடைபடுவது எளிய கோளாறுதான், கண்டுபிடிப்பதுதான் கடினம். டர்பைனின் வெளிவாயிலைச் சுற்றி வைத்த வெப்பஇணைகளில் ஒன்று குளிர்ந்து தெரியும். ஆனால் வாயு சுழன்றபடி வருவதால், பழுதான பர்னர் அதற்கு நேர் பின்னால் இருக்காது. சுழற்சிக் கோணமும் சுமைக்கேற்ப மாறும். ஆகவே முனைகளைக் கழற்றி ஒவ்வொன்றிலும் ஓட்டத்தை அளந்து ஒப்பிடுகிறார்கள்.

வளிமண்டல அழுத்தத்தில் செய்யும் சோதனை மலிவானது. கலவை சீராக இருக்கிறதா என்று பார்க்க அது போதும். மாசையும் அதிர்வையும் பற்றி அது சொல்வதை அப்படியே நம்பலாகாது. மின்நிலைய டர்பைனின் எரியறையில் அழுத்தம் 15 பாருக்கு மேல் செல்வதுண்டு. அங்கே சுடரின் நடத்தை மாறுகிறது. பக்கத்துப் பர்னர்களின் தாக்கமும் ஒற்றைப் பர்னர் சோதனையில் வராது. ஹைட்ரஜன் சுடர் மீத்தேன் சுடரைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவுவதால், இயற்கை எரிவாயுவில் தேறிய பர்னரும் ஹைட்ரஜன் கலக்கும்போது மறுபடி முழு அழுத்தத்தில் சோதிக்கப்பட வேண்டும்.