ஊரில் பெயர், புத்தளத்தில் பிள்ளைகள்



1990 ஒக்டோபரில் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து கடல்வழியாகப் போய்க் கற்பிட்டியில் கரையேறினோம். புத்தளத்து மக்கள் தங்கள் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் நம்மோடு பங்கிட்டார்கள். அந்த நன்றி என்றும் உண்டு.

அன்று தொடங்கிய ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. வாக்காளர் இடாப்பில் நமது பெயர் எந்த ஊரில் இருப்பது? மன்னாரில் இருந்தால், "வாக்கு அங்கே, பங்கு இங்கேயா?" என்று புத்தளத்தில் கேட்பார்கள். புத்தளத்துக்கு மாற்றினால், ஊரில் காணியும் வீட்டுத்திட்டமும் கேட்கும்போது "நீங்கள் இப்போது இந்த ஊர் இல்லையே" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

இடம்பெயர்ந்தவரின் உரிமை பற்றி ஐரோப்பா செய்ததைக் கொஞ்சம் பார்ப்போம். அங்கே சமூக உரிமை முதலில் வந்தது. ஆறு நாடுகள் மட்டும் சேர்ந்திருந்த 1958இலேயே, இத்தாலியிலிருந்து பெல்ஜியம் சுரங்கத்துக்குப் போன தொழிலாளி இரு நாட்டிலும் உழைத்த வருடங்களைச் சேர்த்து ஓய்வூதியம் பெற விதி செய்தார்கள். வாக்கு பிறகு வந்தது. 1992இல் கைச்சாத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையின்படி, ஓர் உறுப்பு நாட்டின் பிரஜை வேறோர் உறுப்பு நாட்டில் குடியிருந்தால் அங்கே உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். அதனால் சொந்த நாட்டுப் பிரஜாவுரிமை போய்விடாது.

அங்கேயும் குறை உண்டு. பிரான்ஸில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைக்கு, அந்நாட்டுப் பிரஜையாகும் வரை எத்தனை வருடம் உழைத்தாலும் அந்த வாக்கு இல்லை.

நமக்கு 2013இல் ஒரு விசேட சட்டம் வந்தது. இடம்பெயர்ந்தவர் சொந்த ஊர் இடாப்பில் பெயர் பதிய அது வழிவிட்டது. ஆனால் குறித்த காலத்துக்கு மட்டும். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த பஸ்கள் மீது தந்திரிமலையில் சுட்டார்கள். அல்லாஹ்வின் உதவியால் உயிரிழப்பு இல்லை. அப்படியும் நமது மக்கள் வந்து வாக்களித்தார்கள்.

நாம் கேட்க வேண்டியது இதுதான்: பிள்ளையின் பள்ளிக்கூடமும் மருந்தும் தண்ணீரும் குடியிருக்கும் ஊரில் கிடைக்கட்டும். பூர்வீகக் காணியின் உரிமை உறுதிப்பத்திரத்தையும் பரம்பரையையும் பார்த்து முடிவாகட்டும். வாக்கு எங்கே என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கக் கூடாது.

கிராம அலுவலர் இடாப்புப் படிவத்தோடு வரும்போது வீட்டில் 18 வயதான பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அயல்வீட்டாருக்கும் சொல்லுங்கள்.